வேலை அழுத்தத்துக்கு யாரிடம் போவது: டாக்டரா, கவுன்சலரா, கோச்சா, கம்பெனி ஹெல்ப்லைனா?

வேலை மனதைப் போட்டு அழுத்தத் தொடங்கும்போது உதவி தேடுகிற பலரும் கைக்கு முதலில் எட்டுவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கம்பெனி மெயிலில் வந்த ஹெல்ப்லைன் எண்ணை அழைக்கிறார், இன்னொருவர் லிங்க்ட்இன்னில் கண்ணில் பட்ட, தொழில் முன்னேற்றத்துக்கு வழிகாட்டுகிற கோச்சுக்கு மெசேஜ் போடுகிறார், வேறொருவர் ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொள்கிறார். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இது மேல்தான். ஆனால் இவை ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் இல்லை. தூக்கமே போய்விட்டவர் கோச்சிடம் போனால் பணம்தான் போகும். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, துறை மாறலாமா வேண்டாமா என்று மட்டும் குழம்புகிறவர் மனநல மருத்துவரிடம் போனால் இருவர் நேரமும் வீண்.

அதனால் ஒரே புகாரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்போம். புகார் இதுதான்: "மேனேஜரிடமிருந்து மெயில் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இன்பாக்ஸைத் திறக்கவே முடியவில்லை. இந்த வேலையே எனக்கு ஒத்துவராதோ என்று தோன்றுகிறது." இந்த மூன்று வாக்கியத்துக்குள் உடம்பு, மனம், மேனேஜர், எதிர்காலம் எல்லாம் கலந்து கிடக்கிறது. யாரிடம் போகிறோமோ அவர் தன் கண்ணுக்குத் தெரிகிற நூலைப் பிடித்து இழுப்பார், மற்றதை விட்டுவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் ஒப்பீடே வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால், அவசர உதவி எண், மருத்துவமனை, பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஆள், எது சீக்கிரம் கிடைக்கிறதோ அது. இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

சரி, முதல் கதவு டாக்டர். "அந்த அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லையே" என்று உடனே சொல்லத் தோன்றும். நான் மனநல மருத்துவரை மட்டும் சொல்லவில்லை, வழக்கமாகக் காய்ச்சலுக்குப் பார்க்கிற பொது மருத்துவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று பல கோளாறுகள் "வேலை அலுத்துப்போச்சு" என்ற வேஷத்தில் வரும். காலையில் எழவே முடியவில்லை, கவனம் நிற்கவில்லை, எரிச்சல் வருகிறது என்று வருபவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மாதக்கணக்கில் மனதைத் தோண்டிய பிறகு ஹீமோகுளோபின் குறைவு என்று தெரியவந்தால் வெறுத்துப்போகும்.

டிப்ரஷன், ஆங்சைட்டி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் பரவலாகப் பயன்படுத்துகிற கேள்வித்தாள்கள் இரண்டு உண்டு. பி.எச்.க்யூ-9 என்பதில் ஒன்பது கேள்விகள், ஜி.ஏ.டி-7 என்பதில் ஏழு. இரண்டுமே கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்றுதான் கேட்கும். முன்னதில் அதிகபட்ச மதிப்பெண் 27, பின்னதில் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரிடம் பேச வேண்டிய கட்டம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இது நோயைத் தீர்மானிக்கிற பரீட்சை கிடையாது. ஆனால் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் டென்ஷன்" என்று மழுப்புகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தாள் பெரிய உதவி, பேச வேண்டியதை அது பேசிவிடும்.

நம் புகார்க்காரர் மனநல மருத்துவரிடம் போனால் அவர் தூக்கம், பசி, எடை, குடி, படபடப்பு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார். மேனேஜரைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். அதைப் பார்த்து "என் பிரச்சினையையே கேட்கல" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர் வேலை அது இல்லை. மருந்து தேவையா என்று முடிவு செய்வதும், தேவைப்பட்டால் மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் தருவதும் டாக்டரால்தான் ஆகும், கவுன்சலரோ கோச்சோ தர முடியாது. மருந்து பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. டிப்ரஷனுக்கும் ஆங்சைட்டிக்கும் இப்போது அதிகம் தரப்படுகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். மூன்றாம் நாளே "ஒன்றும் தெரியல" என்று நிறுத்துவதும், சரியாகிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் சட்டென்று விடுவதும்தான் வம்பு. பழக்கமாகிவிடுமோ என்ற பயம் உண்மையில் பொருந்துவது பென்சோடயஸிபைன் வகை பதற்ற மாத்திரைகளுக்கு, அவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் எடுப்பதுதான் முறை.

பர்ன்அவுட் என்று டாக்டர் எழுதித் தரமாட்டேன் என்கிறார் என்று சிலர் குறைப்படுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்ற ஐ.சி.டி-11 என்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட் நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் இருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் விலகலும் கசப்பும் வருவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்தது அது. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981ல் வெளியிட்ட அளவுகோலிலும் ஏறக்குறைய இதே மூன்றுதான். எனக்கு இந்த வகைப்பாடு பிடித்திருக்கிறது, ஏனென்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, வேலையிலும் இருக்கிறது என்று அது ஒத்துக்கொள்கிறது.

இரண்டாவது கதவு உளவியலாளர் அல்லது கவுன்சலர். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கவுன்சலிங் என்றால் மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு வருவது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. வேலை அழுத்தத்துக்கு அதிகம் சோதிக்கப்பட்ட முறையான சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சை, அப்படி இருக்காது. மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய அந்த முறையில் ஓர் அமர்வு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"கடைசியாக எப்போது இப்படி ஆனது?"

"நேத்து சாயங்காலம்."

"மெயிலில் என்ன எழுதியிருந்தது?"

"நாளை காலை கொஞ்சம் பேசலாமா, அவ்வளவுதான்."

"படித்ததும் மனதில் என்ன ஓடியது?"

"வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள்."

"அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினீர்கள்?"

"தொண்ணூறு."

"அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"லேப்டாப்பை மூடிட்டேன். ராத்திரி எழுந்து பழைய மெயிலையெல்லாம் தோண்டி, எதில் தப்பு விட்டேன் என்று பார்த்தேன்."

"காலையில் என்ன பேசினார்?"

"அடுத்த மாசம் யார் யார் லீவு என்று கேட்டார்."

இதில் கவுன்சலர் பிடிப்பது அந்த லேப்டாப்பை மூடிய நொடியைத்தான். மூடியதும் ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் அடுத்த மெயிலின் மீதான பயத்தை வளர்க்கிறது. அதனால் வீட்டுப்பாடம் வரும்: நாளுக்கு இரண்டு முறை, குறித்த நேரத்தில் இன்பாக்ஸைத் திறப்பது, மேனேஜர் மெயிலைத் திறக்குமுன் "இதில் என்ன இருக்கும்" என்று ஒரு வரி எழுதி வைப்பது, திறந்த பிறகு என்ன இருந்தது என்று பக்கத்தில் எழுதுவது. இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் தாளே பேச ஆரம்பிக்கும். பயந்த அளவுக்கு எதுவும் வரவில்லை என்றால் பிரச்சினை ஊகத்தில் இருக்கிறது. பாதி மெயில்கள் உண்மையிலேயே அவமானப்படுத்துகிற மாதிரி இருக்கின்றன என்றால், பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது, பிரச்சினை வேறு இடத்தில். நல்ல கவுன்சலர் இந்த இரண்டாவது சாத்தியத்தை முதலிலேயே கேட்டுவிடுவார். எல்லாவற்றையும் "உங்கள் பார்வையை மாற்றுங்கள்" என்று முடித்துவிடுகிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை.

சி.பி.டி. பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள். ஆழமாகப் பழைய காலத்துக்குள் போகிற முறைகளும் உண்டு, அவை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும். "எந்த ஆபீஸுக்குப் போனாலும் எனக்கு இதே மாதிரி ஒரு மேனேஜர்தான் வாய்க்கிறார்" என்று மூன்றாவது வேலையிலும் சொல்கிறவருக்கு அந்த நீண்ட பாதை பொருந்தலாம். மற்றவர்களுக்குக் குறுகியதில் தொடங்குவதே நல்லது. முறையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கவுன்சலருக்கும் வருபவருக்கும் இடையிலான பிடிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அந்த அளவுக்குப் பலனும் நன்றாக இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு அல்லது உரிமம் இருக்கிறதா, வேலைப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, முன்னேற்றத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர் உங்களுக்கான ஆள் இல்லை. நான்கைந்து அமர்வுக்குப் பிறகும் எதுவும் அசையவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நின்றுபோகிற பலர் இதைச் சொல்லாமலேயே, போன் எடுக்காமல் நின்றுபோகிறார்கள், இதில் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

மூன்றாவது கதவு கம்பெனி தருகிற உதவி, அதாவது ஈ.ஏ.பி. எனப்படும் ஊழியர் உதவித் திட்டம். இது 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குடிப்பழக்கம் உள்ள தொழிலாளர்களை வேலையில் தக்கவைப்பதற்காகத் தொடங்கிய திட்டங்களிலிருந்து வளர்ந்தது. இப்போது பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்று நடத்தும், ஊழியருக்குக் காசில்லை, ஒரு பிரச்சினைக்கு மூன்று முதல் எட்டு அமர்வுகள் என்ற வரம்பு இருக்கும். சீக்கிரம் கிடைக்கிறது என்பதுதான் இதன் பலம். வெளியே நல்ல உளவியலாளருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்போது இது நாளை மறுநாளே கிடைக்கலாம். நம் புகார்க்காரருக்கு முதல் பிடி கிடைக்கவும், வெளியே யாரிடம் போகலாம் என்று கேட்டுக்கொள்ளவும் போதும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சூடு பிடிக்கிற நேரத்தில் அமர்வுகள் தீர்ந்துபோகும்.

"ஹெச்.ஆருக்குத் தெரிஞ்சிடுமா?" எல்லோரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. வெளி நிறுவனம் நடத்துகிற இடங்களில் வழக்கமாகக் கம்பெனிக்குப் போவது இத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்குதான், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து, சட்டம் கட்டாயப்படுத்துவது போன்ற விதிவிலக்குகள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் மேனேஜரே உங்களை அனுப்பி வைத்திருந்தால் கணக்கு வேறு, நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது திரும்பிப் போகக்கூடும். கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கவுன்சலர் என்றால் குறிப்புகள் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். ஆபீஸ் மெயில், ஆபீஸ் போன், ஆபீஸ் லேப்டாப் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் பிரச்சினை அதே ஹெச்.ஆர். மீதுதான் என்றால் இந்தக் கதவை விட்டுவிட்டு வெளியே போவதுதான் என் யோசனை.

கோச் பற்றி எனக்குக் கொஞ்சம் முன்முடிவு உண்டு, சொல்லிவிடுகிறேன். நல்ல கோச் பொன்னானவர், ஆனால் பெரும்பாலான நாடுகளில் இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டமில்லை. 1995ல் தொடங்கிய சர்வதேச கோச் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தருகிற சான்றிதழ்களில் ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் கேட்கிறார்கள். அது மனநலப் பயிற்சி ஆகாது, ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது ஒரு சல்லடை. நம் புகாரின் கடைசி வாக்கியத்தை மட்டும், அதாவது "இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ" என்பதை மட்டும், எடுத்துக்கொண்டு போக ஏற்ற இடம் இது. சம்பளப் பேச்சு, பதவி உயர்வு, துறை மாற்றம், புதிதாக மேனேஜர் ஆனவரின் தடுமாற்றம் இவற்றிலெல்லாம் கவுன்சலரைவிட கோச் வேகமாக உதவுவார், ஏனென்றால் அவருக்கு ஆபீஸ் நடப்பு தெரியும். ஆனால் இன்பாக்ஸைத் திறக்க முடியாதவரிடம் "அடுத்த ஐந்து வருட இலக்கை எழுதுங்கள்" என்றால் அவர் இன்னும் நொந்துபோவார். தூக்கம் திரும்பிய பிறகு கோச், அதற்கு முன் வேண்டாம்.

எந்தத் துறை என்றே தெரியாதவர்களுக்குத் தொழில் வழிகாட்டி ஆலோசகர் இருக்கிறார். ஜான் ஹாலண்டின் ஆறு வகை ஆர்வச் சோதனை மாதிரி ஏதாவது தருவார், அது பேச்சைத் தொடங்க உதவும். நாலெழுத்தில் உங்கள் குணத்தைச் சொல்கிற எம்.பி.டி.ஐ. சோதனையை வைத்து மட்டும் வேலையை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு எழுத்துகள் வருவது அதில் சகஜம்.

செயலிகளும் ஏ.ஐ. உரையாடலும் ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கும், வெட்கப்படவும் வேண்டியதில்லை. இது சின்ன விஷயமில்லை. கணினி விஞ்ஞானி ஜோசஃப் வைசன்பாம் 1966ல் எழுதிய எலிசா என்ற எளிய நிரலிடமே ஆட்கள் மனம் திறந்து பேசினார்கள். ஆனால் வழிகாட்ட மனிதர் ஒருவர் இருக்கும் ஆன்லைன் சி.பி.டி. நேரில் செய்வதற்குக் கிட்டத்தட்ட நிகராக வருகிறது. யாருமில்லாமல் தனியாகச் செய்வதில் பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். பொதுவான ஏ.ஐ.யிடம் மேனேஜரைப் பற்றிப் புலம்பினால் அது பெரும்பாலும் உங்கள் பக்கமே பேசும், கேட்க இதமாக இருக்கும். தகவல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம் பயனர் தகவல்களை ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. 2023ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம் புகார்க்காரருக்கு நான் சொல்வது, மெயிலைத் திறக்குமுன் ஊகித்ததையும் திறந்த பிறகு இருந்ததையும் எழுதுகிற அந்தத் தாளை நிரப்ப செயலியைப் பயன்படுத்துங்கள், முடிவெடுக்க வேண்டாம்.

நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள், மூத்தவர் ஒருவர் என்பது காசில்லாத கதவு, பலருக்கு அதுவே போதும். எச்சரிக்கை ஒன்றுதான்: தினமும் டீ குடிக்கும்போது அதே மேனேஜரை அதே வார்த்தைகளில் திட்டிக்கொண்டிருந்தால் நட்பு இறுகும், மனம் இன்னும் கனக்கும்.

இதுவரை சொன்ன எல்லாக் கதவுகளும் ஆளைச் சரிசெய்கிறவை. பலரும் தட்டாமல் விடுவது வேலையையே சரிசெய்கிற கதவை. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே சொன்னது: வேலைச் சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை என்றால், அந்தச் சேர்க்கைதான் ஆளை உடைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். இதை எந்தத் தியான வகுப்பு சரிசெய்யும்? ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் 2024ல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பார்த்தபோது, மனநலச் செயலி, தியானம், தாங்குதிறன் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்து நிலையைப் பார்த்த ஆய்வுதான் அது, காரணகாரியத்தை முழுசாக நிரூபிக்காது. ஆனாலும் கம்பெனி யோகா வகுப்பைக் காட்டி வாயடைக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களுடையது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு தோராயமான சோதனை உண்டு. ஒரு வாரம் உண்மையான விடுப்பு எடுத்துப் பாருங்கள், மெயில் பார்க்காமல். விடுப்பிலும் அதே கனம், பிடித்ததில்கூட ஆர்வமில்லை என்றால் டாக்டரும் கவுன்சலரும். விடுப்பில் பழைய ஆளாகி, திரும்பும் முந்தின நாள் சாயங்காலம் வயிற்றைக் கலக்கினால் வேலைப் பக்கம். அப்போது மேனேஜரிடம் பேசுவதற்குப் பொதுவாக "ரொம்ப பிரஷர்" என்று போகாமல், "இந்த மூன்று வேலையில் எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்" என்று போங்கள், அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. வசை, பாரபட்சம், பாலியல் தொல்லை, சம்பளம் பிடித்தம் என்றால் தேதி போட்டுக் குறித்து வைப்பதும், தொழிற்சங்கம் அல்லது வக்கீலைப் பார்ப்பதும் முதல் வேலை.

எல்லாவற்றுக்கும் பணமும் நேரமும் இல்லாதவருக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் பொது மருத்துவர், அதோடு கம்பெனியின் இலவச அமர்வுகள், அவை முடிவதற்குள் வெளியே ஓர் உளவியலாளரிடம் நேரம் வாங்கிவிடுவது. கோச்சுக்குச் செலவு செய்வதைக் கடைசியில் வையுங்கள். கேள்வித்தாளில் எண்ணிக்கை உயர்வாக இருந்தாலோ தூக்கம் பல வாரமாகக் கெட்டிருந்தாலோ மனநல மருத்துவரை முன்னால் கொண்டுவாருங்கள், கவுன்சலிங்கும் மருந்தும் சேர்ந்தே போகலாம்.

ராஜினாமாவையும் பலர் ஒரு சிகிச்சையாக நினைக்கிறார்கள். மனம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் எல்லா வேலையும் மோசமாகத்தான் தெரியும், அதனால் தூக்கம் திரும்பி சில வாரம் ஆகும்வரை அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன், முடிந்தால் விடுப்பில் போகச் சொல்வேன். தொல்லையும் மிரட்டலும் நடக்கிற இடம் என்றால் இந்த யோசனை பொருந்தாது, அங்கே ஆதாரங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள், கவுன்சலரைத் தேடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.